ஆசாரி செய்த மரத்தொட்டில்: எட்டு மாசப் பிள்ளை எழும்பி நிக்குது, என்னென்ன மாத்தணும்?

வில்லுக்குறி வீடு (கேள்வி)

பெண்பிள்ளைக்கு 8 மாதம். உயரம் 71 செ.மீ., எடை 8 கிலோவுக்கு மேல். உறங்குவது அயினி மரத்தில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த தொட்டிலில். தொங்கும் தொட்டில் இல்லை, நாலு காலும் அடியில் சக்கரமும் உள்ளது.

அளவு: உள்ளுக்குள் 50 இஞ்ச் நீளம், 26 இஞ்ச் அகலம். நீளப் பக்கத்தில் 12 மரக்கம்பி, குறுக்குப் பக்கத்தில் 6. கம்பி ஒவ்வொன்றும் 1 இஞ்ச் அகலம், இடைவெளி ஏறத்தாழ 3 இஞ்ச். அடிப்பலகை தரையிலிருந்து 14 இஞ்ச் உயரத்தில். பலகையிலிருந்து மேல்சட்டம் வரை 21 இஞ்ச். முன்பக்கம் கீழே இறக்கி ஏற்றும் மாதிரி. மெத்தை இலவம் பஞ்சு, 48-க்கு 24, கனம் 5 இஞ்ச்.

பிள்ளை இப்போது கம்பியைப் பிடித்து எழும்பி நிற்கிறது. மேல்சட்டம் தொப்புள் மட்டத்துக்குத்தான் வருகிறது. ராத்திரி காலை வெளியே விட்டு எடுக்கத் தெரியாமல் அழுகை. உருண்டு போய் தலையை இடிக்கிறது, மேல்சட்டத்தைக் கடிக்கிறது, ஆட்டுகிற ஆட்டில் தொட்டிலே நகர்ந்து போகிறது. மாமியார் சுற்றிலும் தலையணை அண்டக் கொடுத்திருக்கிறார்கள். ஆன்லைனில் பம்பர் (தொட்டிலின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு) வாங்கலாமா என்று யோசனை. மேலே கொசுவலை தொங்குகிறது. எதை முதலில் மாற்ற வேண்டும்?

---

அயினிப்பலகை

முதல்ல இன்னைக்கு ராத்திரி விஷயம். மேல்சட்டம் தொப்புள் மட்டத்துல இருந்தா பிள்ளைக்கு உடம்பு பாரம் மேல்பக்கம்தான், எட்டிப் பார்த்தாலே தலைகுப்புற விழும். வேலை முடியுற வரைக்கும் அந்தத் தொட்டில்ல போடாதீங்க. தரையில கோரம்பாய், அது மேல ஜமுக்காளத்தை இறுக்கமா மடிச்சுப் போட்டு, சுவர்ல இருந்தும் கட்டில்ல இருந்தும் ஒரு முழமாவது தள்ளி உறங்க வையுங்க. பெரியவங்க கட்டில்ல சுவரோரமா போட்டுத் தலையணை அடுக்குறது இதைவிட மோசம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல இறங்கிடும்.

இனி அளவு. கம்பி இடைவெளி 6 செ.மீ.க்கு மேல இருக்கக்கூடாது. அமெரிக்க அளவு 2 இஞ்சும் 3 நூலும் (8 நூல் ஒரு இஞ்ச்), ஐரோப்பிய அளவு நாலரை முதல் ஆறரை செ.மீ. வரை. உங்க இடைவெளி ஏழு செ.மீ.யைத் தாண்டுது. காரணம் என்னன்னா, பிள்ளையோட இடுப்பு தலையைவிடச் சின்னது. கால் போகும், இடுப்பு போகும், உடம்பு முழுக்க வெளிய இறங்கும், கடைசியில தலை மட்டும் மாட்டி உடம்பு தொங்கும். அப்போ அழுகைச் சத்தம்கூட வராது. கால் மாட்டி அழுறது வேற, இது வேற. சரியான இடைவெளி வச்சாலும் கால் வெளிய வரத்தான் செய்யும், இடுப்பு வராது.

கணக்கு இப்படி: 50 இஞ்சுல 15 கம்பி போட்டா இடைவெளி 2 இஞ்ச் ஒன்றரை நூல், அதாவது ஐந்தரை செ.மீ. பக்கம். 14 போட்டா 6 செ.மீ.யைத் தாண்டிடும், அதனால 15. குறுக்குப் பக்கம் 26 இஞ்சுக்கு 8 கம்பி, இடைவெளி சரியா 2 இஞ்ச். முடிஞ்சதும் 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு மரத்துண்டு அறுத்து ஒவ்வொரு இடைவெளியிலயும் அழுத்தித் தள்ளிப் பாருங்க. கம்பி வளைஞ்சு கொடுத்துத் துண்டு உள்ள போச்சுன்னா அந்தப் பக்கம் தேறாது. குளிர்பான டின்னை வச்சுச் சோதிக்கச் சொல்லுவாங்க. இப்போ கடையில கிடைக்கிற ஒல்லி டின்னு அளவே வேற, நம்பாதீங்க.

உயரம்: பலகையில இருந்து மேல்சட்டம் வரை 26 இஞ்ச் வேணும். மெத்தை 4 இஞ்ச் போனா மிச்சம் 22 இஞ்ச், 56 செ.மீ. இந்தப் பிள்ளைக்கு நெஞ்சுக்கு மேல வரும், போதும். சட்டம் பிள்ளையோட உயரத்துல முக்கால் பங்குக்குக் குறையக்கூடாதுங்கிறது மனசுல வச்சுக்க வசதியான கணக்கு.

இங்கதான் பலரும் தப்பு பண்ணுவாங்க. பலகையை மட்டும் 5 இஞ்ச் இறக்கினா போதும்னு தோணும். ஆனா கம்பி முடியுற கீழ்ச்சட்டம் பழைய இடத்துலயே நிக்கும். மெத்தைக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் இடையில ஒரு பொந்து விழும், பிள்ளை அதுவழியா நழுவும். பலகை இறங்கினா கீழ்ச்சட்டமும் கூடவே இறங்கணும். எப்படியும் கம்பி எண்ணிக்கையை மாத்தணும்ல, அதனால நாலு பக்கச் சட்டத்தையும் புதுசா, 5 இஞ்ச் கூடுதல் நீளமுள்ள கம்பியோட செய்யச் சொல்லுங்க. காலும் அடிச்சட்டமும் பழசே போதும். பலகை தரையில இருந்து 9 இஞ்சுல வரும்.

கம்பியைச் சட்டத்துல 6 நூல் ஆழத் துளை போட்டு, பசை வச்சு இறக்கணும். வெறும் ஆணி அடிச்சா ஆட்டுற ஆட்டுல இளகிடும். கையால திருகிப் பாருங்க, ஒரு கம்பிகூடச் சுத்தக்கூடாது. நடுவுல அழகுக்குக் குறுக்குச் சட்டம் வேண்டாம், அது ஏறுறதுக்குப் படி. பூ வெட்டு, ஓட்டை எதுவும் வேண்டாம். கால் உச்சியில குமிழ் இருந்தா அறுத்திடுங்க, சட்டத்துக்கு மேல அரை நூல்கூட நீட்டிட்டு இருக்கக்கூடாது. சட்டை மாட்டினா கழுத்து இறுகும்.

இறக்கி ஏத்துற முன்பக்கத்தை நிரந்தரமா முடுக்கிடுங்க. தடம் தேய்ஞ்சு ஒரு மூலை மட்டும் கழண்டா V மாதிரி ஒரு சந்து உண்டாகும், பிள்ளை அதுல விழுந்து மாட்டும். அமெரிக்காவில 2011 ஜூன் 28-ல இருந்து இந்த மாதிரித் தொட்டில் விக்கக்கூடாதுன்னு தடை இருக்கு. ஒரு பக்கச் சட்டத்துக்கு 4 போல்ட், 6 மில்லி, ஸ்டெயின்லெஸ். தலை உள்பக்கம் மரத்துக்குள்ள பதியணும், வெளிப்பக்கம் வாஷரும் நைலான் வளையம் வச்ச நட்டும். சாதா நட்டு தினமும் குலுங்கிக் குலுங்கிக் கழண்டிடும். துளை பெருசாகிட்டா தீக்குச்சி செருகித் திருகுற வித்தையை இங்க காட்டாதீங்க, ஊடுருவுற போல்ட்தான்.

அடிப்பலகை 12 மில்லி, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், அடியில குறுக்கே இரண்டு ரீப்பர். காத்துக்காக 6 இஞ்சுக்கு ஒரு துளை போடுங்க. நம்ம ஊர் மழைக்கு மெத்தையோட அடி பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒருதரம் தூக்கி நிறுத்துங்க.

சக்கரம்? கழட்டிட்டு ரப்பர் புஷ் அடிங்க. பிரேக் உள்ள சக்கரம்னாலும் மழமழ டைல்ஸ்ல பிரேக்கோடயே சறுக்கும்.

---

குழந்தை வார்டு

மரவேலையை அண்ணாச்சி முழுசாச் சொல்லிவிட்டார். தூக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

தலையணைகளை இன்றைக்கே எடுங்கள் அக்கா. பம்பர் வாங்க வேண்டாம். அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். தலை இடிப்பதால் இந்த வயதில் பெரிய காயம் வராது. உருண்டு போய்க் கம்பியில் மோதுகிற வேகத்துக்கு ஒரு சிவப்புத் தடம், மிஞ்சினால் சின்ன வீக்கம். பஞ்சில் முகம் புதைந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், ஆக்சிஜன் குறையும், ஆழ்ந்த தூக்கத்தில் தலையைத் திருப்பத் தெரியாது. எழும்பி நிற்கிற பிள்ளைக்கு அதே தலையணை ஏணியும் ஆகும். தொட்டிலுக்குள் இறுக்கமாக விரித்த விரிப்பும் பிள்ளையும் மட்டும் இருக்கட்டும். கடுகுத் தலையணை, போர்வை, பொம்மை, கயிற்றில் கட்டிய நிப்பிள் எதுவும் ஒரு வயது வரை உள்ளே வேண்டாம்.

இலவம் பஞ்சு மெத்தையும் போகட்டும். பஞ்சு நடுவில் குழிந்து ஓரத்தில் திரண்டுவிடும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் உடனே நிமிர வேண்டும், கைத்தடம் நிற்கக்கூடாது. ரப்பர் பால் கலந்த கயிற்றுநார் மெத்தை 4 இஞ்ச் கனத்தில் சொன்ன அளவுக்கு வெட்டித் தருவார்கள். தென்னையும் ரப்பரும் விளைகிற மாவட்டத்தில் பஞ்சு மெத்தைக்கு ஏன் போக வேண்டும். இப்போது 50-க்கு 26-ல் 48-க்கு 24 போட்டிருப்பதால், மெத்தையை ஒரு பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கம் 2 இஞ்ச் சந்து. இரண்டு விரல் நுழையாத அளவுதான் சரி.

படுக்க வைப்பது மல்லாக்க, ஒரு வயது வரை. தானே கவிழவும் திரும்பவும் தெரிந்த பிள்ளையை ராத்திரி முழுக்கத் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. துணியால் சுற்றிக் கட்டுவதை உருள ஆரம்பித்த நாளோடு நிறுத்தியிருக்க வேண்டும். சேலைத் தொட்டிலும் அப்படியே.

கால் மாட்டினால்: நேராக இழுக்காதீர்கள், முழங்கால் முட்டு குறுக்கே நின்று இன்னும் இறுகும். ஒருவர் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துப் பாரம் காலில் இல்லாமல் பார்க்கணும். தேங்காய் எண்ணெய் தடவி, முட்டை மடக்கி, கால் போன கோணத்திலேயே பைய உள்ளே தள்ளணும். தொடை தடித்து நீலம் பாய்ந்தால் கம்பியை அறுங்கள், யோசிக்க வேண்டாம்.

ராத்திரி எழும்பி நின்று அழுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. நிற்கக் கற்றுக்கொண்டது, உட்காரக் கற்கவில்லை. பகலில் சோபாவைப் பிடித்து நிற்க வைத்து, காலடியில் ஒரு கிலுக்கைப் போடுங்கள். குனியும்போது முட்டுக்குப் பின்னால் விரலால் லேசாகத் தட்டினால் மடக்கி உட்காரும். ஒரு நேரத்துக்கு ஐந்தாறு தடவை, தினமும். அது பிடிபட்டால் ராத்திரிக் கச்சேரி தானாகக் குறையும். பகலெல்லாம் தொட்டிலில் வைத்திருந்தாலும் ராத்திரி குதிக்கும், தரையில் தவழ விடுங்கள்.

சில பிள்ளைகள் உறங்கும் முன் தாளம் போட்டதுபோலத் தலையை இடிக்கும், முன்னும் பின்னும் ஆடும். அது தன்னைத் தானே தாலாட்டுவது, வளர வளர நிற்கும். தொட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் சத்தம் குறையும், போல்ட்டை மட்டும் கவனியுங்கள். புதிதாகத் தொடங்கி, காய்ச்சலோ காதைப் பிடித்து இழுப்பதோ கூட இருந்தால் காதுவலியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டணும்.

வெக்கை: கை கால் குளிர்ச்சியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் துணி கூடுதல். மேமாத ராத்திரிக்குக் கையில்லாத பனியனும் டயப்பரும் போதும், தொப்பி வேண்டாம், ஃபேன் ஓடட்டும். கழுத்துச் சங்கிலி, வசம்பு வளையல், கறுப்பு மணி எல்லாம் உறங்கும்போது கழட்டுங்கள். பிறந்த 28-ஆம் நாள் கட்டிய அரைஞாணில் ஏலஸ் (தாயத்து) தொங்கினால் அதையும் எடுத்துவிடுங்கள்.

---

கொல்லங்கோடு அப்பா

சிஸ்டர், துணிப் பம்பர் சரி. வலை மாதிரி, காத்து போற பம்பர் வருதே, அதுவும் ஆகாதா? கால் மாட்டுறதுக்கு அது நல்லதுன்னு போட்டிருக்கான்.

---

குழந்தை வார்டு

மெல்லிய வலையை அந்த அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கம் அதையும் சேர்த்தே வேண்டாம் என்கிறது. வலை என்று பேர் சொல்லி உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்ததுதான் பாதி. நாடா அவிழ்ந்தால் வலை தொய்ந்து கழுத்துக்கு வரும். எழும்பி நிற்கிற பிள்ளை அதை மிதித்து ஏறும். கால் மாட்டுவதுதான் கவலை என்றால், காலோடு சேர்த்துக் கீழே மூடிய பை மாதிரி உறக்க உடுப்பு போடுங்கள். கையும் தலையும் வெளியே, பாதம் பைக்குள். காலை அகட்டிக் கம்பிக்கு மேல் வைக்கவும் முடியாது. நம் வெக்கைக்கு ஒற்றை மல் துணியில் தைத்தது போதும், கழுத்தும் கைத்துளையும் உடம்போடு ஒட்டி இருக்கணும், தலை உள்ளே நழுவக்கூடாது.

---

தையல்நூல் தக்கலை

விரிப்பு அளவு கேட்காமலே சொல்றேன், ஏன்னா பெரிய விரிப்பை மடிச்சுச் செருகினா பிள்ளை அரைமணியில உருவிடும்.

மெத்தையை 49.5-க்கு 25.5, கனம் 4 எனச் சொல்லி வாங்குங்க. துணி நீளம் 49.5-உடன் இரண்டு பக்கமும் 8, மொத்தம் 65.5 இஞ்ச். அகலம் 25.5-உடன் 16, மொத்தம் 41.5. அந்த 8-ல 4 மெத்தையோட கனத்துக்கு, 4 அடியில மடங்குறதுக்கு, ஓரம் மடிச்சுத் தைக்கிறதும் அதுக்குள்ளயே. நாலு மூலையிலயும் 8-க்கு 8 சதுரம் வெட்டி எடுத்து, வெட்டின இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைச்சா மூலை பெட்டி மாதிரி நிக்கும். ஓரம் முழுக்கச் சுத்தி எலாஸ்டிக் கோர்த்துடுங்க, மூலைக்கு மட்டும் கோர்த்தா போதாது. தைச்சதும் ஒரு மூலையைப் பிடிச்சு இழுங்க, மெத்தை கூட எழும்பி வரணும், விரிப்பு கழண்டு வரக்கூடாது.

44 இஞ்ச் பன்னா (துணி அகலம்) காட்டன் 1.85 மீட்டர் எடுத்து, வெட்டும் முன்ன ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டுக் காயவையுங்க. ஊறப்போடாத துணியில தைச்சுட்டு அப்புறம் துவைச்சா மெத்தையோட மூலை வளைஞ்சு தூக்கும். மூணு விரிப்பு இருந்தா மழைக்காலம் ஓடிடும். ரப்பர் ஷீட் விரிப்புக்கு அடியில, சுருக்கமில்லாம. மேல போட்டா வேர்க்குரு நிச்சயம்.

---

முட்டம் காற்று

கொசுவலையை யாரும் தொடவில்லை. தொங்கும் வலை, எழும்பி நிற்கிற பிள்ளைக்குக் கைக்கு எட்டும் கயிறுதான். இழுத்தால் வளையமும் சேர்ந்து தலையில் விழும். வலையை ஜன்னலுக்கு அடியுங்கள், அறைக்கே அடைப்பு ஆகிவிடும். அதுவரை வலை வேண்டுமென்றால் தொட்டிலுக்கு வெளியே நாலு கம்பு நட்டு, கம்பிகளைத் தொடாமல் விறைப்பாகக் கட்டுங்கள்.

தொட்டிலைச் சுற்றி மூன்று அடிக்குள் ஜன்னல் திரை, சார்ஜர் வயர், கொசு மருந்து மெஷின் எதுவும் கூடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் திரை தொட்டிலுக்குள்ளேயே பறந்து வரும். மேலே தொங்கும் கிலுகிலுப்பை ராட்டினத்தையும் கழட்டியிருக்க வேண்டும், கை ஊன்றி எழும்பத் தொடங்கியதுமே அதன் காலம் முடிந்தது.

கடலோரத்தில் இருப்பவர்கள் அண்ணாச்சி சொன்ன ஸ்டெயின்லெஸ் போல்ட்டை விட்டுவிட்டு முலாம் பூசியதை வாங்காதீர்கள், உப்புக் காற்றில் துரு ஏறும். ஆனி ஆடியில் ஊறிய மரம் தை மாசியில் சுருங்கும்போது போல்ட் இளகும். மாதம் ஒருமுறை சாவி போட்டுப் பாருங்கள்.

---

வில்லுக்குறி வீடு

எல்லாருக்கும் நன்றி. தரையில் படுக்கை மாற்றிவிட்டோம், தலையணை எடுத்தாச்சு. ஆசாரியிடம் பேசினேன். புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிற ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவே ஒரு கம்பி கூடுதலாக அடித்துத் தருகிறேன் என்கிறார். கடைசியில் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) எண்ணெய் பூசினால் செல் (கரையான்) அரிக்காதாம். ரப்பர் மரத்தில் செய்தால் விலை குறையும் என்றும் சொல்கிறார்.

---

அயினிப்பலகை

மூணுக்கும் தனித்தனியாச் சொல்றேன் அக்கா.

நடுக்கம்பி அடிச்சா இடைவெளி 1 இஞ்சுக்குக் கீழ போகும். இடுப்பு போகாது, சரி. ஆனா பாதமோ மணிக்கட்டோ மாட்டக்கூடும். ஐரோப்பிய அளவுல நாலரை செ.மீ.ன்னு ஒரு கீழ் எல்லையும் இருக்கு. உயரக் குறையும் அப்படியே நிக்கும். அதனால ஒத்துக்காதீங்க, 15-ம் 8-ம்தான்.

கொல்லாங்கொட்டை எண்ணெய் வாசல் நிலைக்கும் கூரைக் கழுக்கோலுக்கும் நல்லது. தோல்ல பட்டா கொப்புளம் போடும் சாதனம் அது, பிள்ளை கடிக்கிற சட்டத்துல துளிகூட வேண்டாம். தேங்காய் எண்ணெய் தேய்ச்சா நாள்பட்டுக் காறல் வாடை வரும், எறும்பும் வரும். அயினிக்கு ஒண்ணுமே வேண்டாம். 120 உப்புத்தாள், பிறகு 220, முனையெல்லாம் உருட்டி, ஈரத்துணியால துடைச்சு விடுங்க. நிறம் வேணும்னு நினைச்சா, ஈயம் கலக்காததுன்னு டப்பாவில போட்டிருக்கிற தண்ணிப் பெயிண்ட். இந்தியாவில 2017 நவம்பர்ல இருந்து வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல இருக்கக்கூடாது. அதுக்கு முந்தி பெயிண்ட் அடிச்ச பழைய தொட்டிலை உறவுக்காரங்க கொடுத்தா வாங்காதீங்க, சுரண்டினா பொடிதான் பறக்கும். எது பூசினாலும் வாடை முழுக்கப் போற வரை, ஒரு மாசமாவது காத்தாடப் போட்டுட்டுப் பிள்ளையை வையுங்க.

ரப்பர் மரம் மோசமில்லை, போரான் மருந்து ஏத்தி உலர்த்தினதா இருந்தா. மருந்து ஏத்தாத பலகை சீக்கிரமே உளுத்து, மாவு மாதிரி கொட்டும், உள்ள பொக்கு. கண்ணுக்குத் தெரியாது, போல்ட் பிடிக்கிற இடத்துலதான் முதல்ல உதிரும். பழைய காலு அயினிதானே, சட்டத்துக்கும் அயினியே வாங்குங்க.

---

குழந்தை வார்டு

ஒன்று மட்டும். மெத்தை இவ்வளவு இறங்கினால் குனிந்து தூக்க முதுகு வலிக்கும், அதற்காகத் திரும்ப உயர்த்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு ஒரு காலை அதில் வைத்து, முட்டை மடக்கித் தூக்குங்கள். பிள்ளை 35 இஞ்ச், அதாவது 89 செ.மீ. ஆனாலோ, அதற்கு முன்னமே சட்டத்தில் கால் போட்டாலோ, தொட்டில் போதும், தரைமெத்தைக்கு மாற்றி அலமாரியைச் சுவரோடு போல்ட் போடுங்கள். எப்போதாவது தொட்டிலிலிருந்து விழுந்து, வாந்தி, மயக்கம், எழுப்பினால் எழும்பாத தூக்கம் என்று எதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.